போன வருஷத்து ரத்தம்

கல்யாணப் பந்தியில் இலையோரமாக ஐஸ்கிரீம் கப்பை வைத்துவிட்டுப் போனால் எனக்கு எங்கள் டாக்டரம்மாவின் ஞாபகம்தான் வரும்.

தொண்ணூறுகளில் கோவையில் கால்நடை நோய்களை ஆராயும் கூடம் ஒன்றில் நான் டெக்னீஷியன். டாக்டரம்மா அங்கே ஆராய்ச்சியாளர். வருஷம் தவறாமல் பல்லடம் பக்கத்துப் பண்ணைகளுக்குப் போய், நன்றாகத் தீவனம் தின்கிற கோழிகளிடம் ரத்தம் எடுத்து வருவோம். சீக்கு இல்லாத கோழிக்கு எதற்கு ஊசி என்று பண்ணைக்காரர்கள் மோர் கொடுத்துக்கொண்டே சிரிப்பார்கள். அம்மா கோபிக்க மாட்டார். கிருமி வந்து போனால் ரத்தத்தில் அதன் தடம் இருக்கும், நாளைக்குப் புது நோய் ஒன்று கிளம்பினால் அது எப்போது, எந்தப் பக்கமாக உள்ளே வந்தது என்று இந்தப் பழைய ரத்தம்தான் சொல்லும் என்பார். கோழியை விட்டு மனுஷனிடம் தாவுகிற நோயும் ஒருநாள் வரும் என்பார். அதற்காகவே அத்தனை வருஷத்து ரத்தக் குப்பிகளையும் உறைபெட்டியில் காத்துவைத்திருந்தார்.

பெரிய அதிகாரி ஓய்வுபெற்றார். சித்திரை வெயிலில் விருந்து. விருந்தாளிகளை ஐஸ்கிரீம் இல்லாமல் அனுப்பினால் மரியாதைக் குறைவாம். நாங்கள் அவிநாசிப் பக்கம் போயிருந்த நேரத்தில் ஆபீஸ் மேனேஜர் குப்பிகளை எடுத்து வராந்தாவில் அடுக்கிவிட்டு, உறைபெட்டியில் ஐஸ்கிரீமை நிரப்பியிருந்தார். திரும்பி வந்தபோது எல்லாம் உருகி வாடையடித்தது. மனுஷர் மரியாதையாகத்தான் பேசினார்.

"கோழி ரத்தந்தானுங்களே அம்மணி. ஊர்ல கோழிக்கென்னங்க பஞ்சம்? மறுக்கா எடுத்துப்போடலாமுங்க."

"போன வருஷத்து ரத்தத்தை எந்தக் கோழிகிட்டீங்க எடுக்கறது?" என்றார் டாக்டரம்மா. அவர் கையிலும் யாரோ ஒரு கப்பைத் திணித்தார்கள். அது கரைந்து புடவையில் சொட்டும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்.

அடுத்த மழைக்காலத்தில் பல்லடத்தில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. மோர் கொடுத்துச் சிரித்த பண்ணைக்காரர் ஒருவர் எங்கள் வராந்தாவில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். இந்த நோய் புதிதா, முன்பே இருந்ததா என்று மேலிடம் கேட்டது. அதைச் சொல்லியிருக்கக்கூடிய குப்பிகள்தான் உருகிப் போயிருந்தன. பழைய ரத்தத்தைப் பத்திரப்படுத்தாதது ஏன் என்று மெமோ வந்தது. மேனேஜருக்கு அல்ல, டாக்டரம்மாவுக்கு. அதோடு வேலையை விட்டுப் போனார். நல்லதுக்குக் காலமில்லை என்பது சும்மாவா?

கொரோனா அடங்கிய பிறகு நான் போன முதல் கல்யாணத்தில் பக்கத்து இலையில் அதே மேனேஜர். தள்ளாத வயது, வாய் மட்டும் ஓயவில்லை.

"இந்த மாதிரி சீக்கையெல்லாம் முன்னமே ஆராய்ச்சி பண்ணி வெச்சிருக்கோணுமுங்க. நம்மூர்ல ஆருக்குங்க அந்த அக்கறை?" என்றார்.

அவர் தன் கப்பை வழித்துத் தின்று முடித்துவிட்டு, நான் தொடாமல் வைத்திருந்ததையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.