மெதுவாக ஓடிய கேசட்

மகளின் செல்போனில் டிரம்பெட் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தேன். பழைய ப்ளூஸ் இசையமைப்பாளர் ஒருவருக்கு மரியாதையாக, அவர் பாட்டுகளையே வாசித்த ஜாஸ் ஆல்பம். எனக்குத் தெரிந்த பாட்டுதான். ஆனால் தலைதெறிக்க ஓடியது.

தொண்ணூறுகளில் அப்பா திருநெல்வேலி டவுணில் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசித்தார். இதே ஆல்பத்தின் கேசட்டைக் கப்பலில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்தார். டேப் ரெக்கார்டரில் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்ததால் பாட்டு இழுத்து இழுத்து ஓடியது. அதுதான் அதன் வேகம் என்று நம்பி, உதடு வீங்க அப்பா பழகினார்.

பேண்டை ஆரம்பித்த அண்ணாச்சி இறந்தபோது, கல்யாண ஊர்வலத்துக்கு அவர் போட்ட மெட்டை அப்பா அதே இழுவையில் எடுத்தார்.

"ஏலே, எழவுல கல்யாணப் பாட்டா? நிறுத்துலே!" என்றார் அண்ணாச்சியின் தம்பி.

"அவரு போட்ட பாட்டு வே. அவருக்கு வாசிக்காம வேற யாருக்கு வாசிக்க?"

ஆற்றங்கரைச் சுடுகாடு வரை அப்பா நிறுத்தவில்லை. பாதி வழியிலேயே அந்தத் தம்பி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார்.

"ஏட்டி, இதோட வேகத்தக் குறைக்க முடியுமா?" என்று மகளிடம் கேட்டேன்.

"குறைச்சா பாட்டு கெட்டுப்போகும்மா."

"கெட்டாக் கெட்டுட்டுப் போகுது. குறை."