சாம்பல் காற்றில் முஜியாத்தி

பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காமிராவின் முகத்தைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்து, தூசி ஊதும் ரப்பர் பந்தை அமுக்குகிறாள் முஜியாத்தி. புஸ், புஸ்.

"தூசி கீழ விழணும்ல? அண்ணாந்து பாத்து ஊதுனா அது எங்க போகும்?"

புரோமோ எரிமலையின் மணல்வெளியில் குதிரையேறும் சுற்றுலாக்காரர்களைப் படமெடுப்பது அவள் பிழைப்பு. அவள் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. சோளச்சோற்றை நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்வாள். ஜீப் சத்தம் கேட்டால் கை கழுவாமலே ஓடுவாள். லென்ஸைத் துடைக்கும்போதுதான் அந்த உடம்பு ஓரிடத்தில் நிற்கும். முதலில் காற்று, அப்புறம் மெல்லிய தூரிகை, கடைசியில்தான் துணி. துடைக்கும் மருந்தின் துளி துணியில் விழுமே தவிரக் கண்ணாடியில் விழாது. நடுவில் தொடங்கி விளிம்புவரை, அழுத்தாமல், வட்டவட்டமாக.

சட்டை நுனியால் துடைக்கிற வெளியூர்க்காரர் கண்ணில் பட்டால் தொலைந்தார். "ஐயா, அது வெறும் தூசியில்ல, மலை கக்குன கண்ணாடித்தூளு. உப்புத்தாள் வச்சு மூஞ்சியத் தேய்ப்பீங்களா?" வாயால் ஊதவும் விடமாட்டாள். எச்சில் தெறிக்குமாம்.

"இந்த உபசாரத்துல பாதி கெடச்சிருந்தா உன் புருஷன் ஓடியிருக்க மாட்டான்" என்பார் குதிரைக்காரர் தர்மோஜி.

"ஓடுனதே நல்லது, தர்மோஜி ஐயா. அவன் மேல இருந்த அழுக்கு எந்தப் பந்துக்கும் போகாது."

அவளிடம் இருப்பது ஒரே லென்ஸ். அதன் முன்னால் எப்போதும் திருகி மாட்டிய ஒரு ஃபில்டர் கண்ணாடி. கீறல் விழுந்தால் அது வாங்கிக்கொள்ளட்டும் என்பாள்.

போன மாதம் நிங்ரும் என்ற அவள் மகள் தைவானுக்கு வேலைக்குக் கிளம்பினாள். வண்டி ஊர்முனையில் உறுமிக்கொண்டு நின்றது. முஜியாத்தி மகளின் பைவாரை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். மலை காலையிலிருந்தே கக்கிக்கொண்டிருந்தது. பனியும் சாம்பலும் சேர்ந்து ஃபில்டரில் களிம்பாய் அப்பியிருந்தன.

"ஊரையே படமெடுக்குற. உன் கையால எடுத்த படம் ஒண்ணுகூட எங்கிட்ட இல்லம்மா. மலை பின்னால தெரியிற மாதிரி ஒண்ணு எடேன்."

முஜியாத்தி பந்தை அமுக்கினாள். களிம்பு அசையவில்லை. ஓட்டுநர் ஹாரனை அழுத்தினான்.

"துணியால ஒரு இழு இழுத்துட்டு எடு, முஜி" என்றார் தர்மோஜி.

"இழுத்தா கீறிடும். அப்புறம் இவ மூஞ்சி மேலதான் கோடு விழும்." மருந்துப் புட்டியைத் தேடி அவள் கை பைக்குள் துழாவியது.

"சரி, நீ துடைச்சிட்டே இரு. நான் வரேன்." நிங்ரும் படியில் கால் வைத்தாள்.

முஜியாத்தி ஃபில்டரைத் திருகிக் கழற்றினாள். அந்த லென்ஸை வெட்டவெளியில் வெறுமுகமாக யாரும் பார்த்ததில்லை. சாம்பல் காற்று நேர் எதிரே வீசியது.

"எறங்கு. இங்க பாரு."

முதல் இரண்டு படங்களில் பெண் முறைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதில் சிரித்துவிட்டாள். பின்னால் மலையும் புகையோடு படத்தில் விழுந்தது. அடுத்த ஹாரனுக்கு ஏறிக்கொண்டாள், வண்டி போய்விட்டது.

லென்ஸ் முழுதும் நரை பூத்திருந்தது. கீழே கிடந்த பந்தை எடுத்து நீட்டினார் தர்மோஜி. "ஊது."

"இப்ப வேணாம். வண்டிச் சத்தம் இன்னும் கேக்குது."

சாம்பலோடேயே மூடியைப் போட்டுக் காமிராவைச் சட்டைக்குள் செருகினாள். இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு, வண்டி மறைந்த திருப்பத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள்.