அவர் இறங்க வேண்டிய ஸ்டேஷன் அது இல்லை

இரண்டு வருடங்களுக்கு முன், ஜப்பானில் வேலை பார்க்கும் எங்கள் மகளைப் பார்க்கப் போயிருந்தோம். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் கிராமத்துப் பக்கம் மெதுவா சுத்திட்டு வாங்கம்மா" என்று ஒரு போனை அவள் அப்பா கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

ஒரே ஒரு பெட்டி உள்ள குட்டி ரயில். எங்கள் துடியலூர் டவுன் பஸ்ஸே இதைவிட வேகமாகப் போகும். வழியெல்லாம் அறுத்த வயல், பழம் தொங்கும் மரம், மலை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, மலையைப் பார்த்தபடி சாப்பிடுவதாகத் திட்டம். என் கணவருக்குச் சர்க்கரை. இறங்கியதும் சாப்பாடுதானே என்று ரயிலிலேயே இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டார்.

எங்கே போனாலும் எனக்கு முன்னால் இறங்கிவிடுவது அவருடைய பிறவிக் குணம். ரயில் நின்றதும், போட்டோ எடுக்கப் போனோடு முன் கதவு வழியாக இறங்கிவிட்டார். நான் மூட்டை முடிச்சுகளோடு பின் கதவில் நின்றேன். ஏறிய வழியில்தானே இறங்க வேண்டும்? அந்த ஊரில் அப்படி இல்லை. பின் கதவு ஏறுவதற்கு மட்டும்தானாம். கதவு திறக்கும் திறக்கும் என்று நான் நிற்க, ரயில் கிளம்பிவிட்டது.

அவருடைய கோட்டு, பர்ஸ், கோட்டுப் பையில் எப்போதும் வைத்திருக்கும் மிட்டாய், அரிசிம்பருப்புச் சாதம் வைத்த போசிப் பாத்திரம் எல்லாம் என் கையில். ஊசி போட்ட மனுஷர் வெறும் வயிற்றோடு அங்கே. கடை கண்ணி இல்லை, ஸ்டேஷன் மாஸ்டர்கூட இல்லை. ஒருமுறை வீட்டிலேயே சர்க்கரை இறங்கி அவர் மயங்கி விழுந்ததைப் பார்த்தவள் நான். எங்களிடம் இருந்த ஒரே போனும் அவர் கையில்.

"ஏனுங்க, நிறுத்துங்க! எங்கூட்டுக்காரரு எறங்கிட்டாருங்க!" என்று கத்தினேன். பெட்டியில் இருந்த நாலைந்து பேரும் திரும்பினார்கள். என் வயதுள்ள ஒரு பெண்மணி எழுந்து வந்தார். மடியில் வைத்திருந்த பூங்கொத்தைக்கூட சீட்டிலேயே போட்டுவிட்டார். நான் பையிலிருந்த ஊசியை எடுத்துக் காட்டினேன். வயிற்றில் குத்துவது போலச் செய்து, போசியைத் திறந்து சாதத்தைக் காட்டி, பின்னால் போன ஸ்டேஷனைக் கை காட்டி, "இன்னும் சாப்புடலீங்க" என்று அழுதேன். அந்த ஊசியைப் பார்த்ததுமே அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. உடனே போனை எடுத்து யாரிடமோ வேக வேகமாகப் பேசினார். பிறகு இன்னொருவரிடம்.

அடுத்த ஸ்டேஷனில் என் கையைப் பிடித்து முன் கதவு வழியாக இறக்கினார். அவரும் இறங்கினார். வெளியே முட்டைக்கோஸ் ஏற்றிய ஒரு சின்ன வேன் வந்து நின்றது. ஓட்டியவர் அந்த அம்மாவுக்குத் தம்பியா கொழுந்தனா, இன்றுவரை எனக்குத் தெரியாது. வழி முழுக்க என் கையை அந்த அம்மா விடவில்லை. எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

போய்ப் பார்த்தால், என் வீட்டுக்காரர் பெஞ்சில் ஜம்மென்று உட்கார்ந்து, பயத்தம் பூரணம் வைத்தது போன்ற ஒரு பன்னைத் தின்றுகொண்டிருக்கிறார்! பக்கத்தில் ஜூஸ் டம்ளரோடு ஒருவர் காவல் நிற்கிறார். ரயிலிலிருந்து அந்த அம்மா போனில் சொன்னதைக் கேட்டு, ஸ்டேஷனுக்கு எதிர்வீட்டிலிருந்து ஓடி வந்தவராம்.

"எங்க போயிட்டே அம்மணி? வேர்த்துக் கொட்டிக் கையெல்லாம் நடுங்கிருச்சு. நானும் வேண்டாமுங்க வேண்டாமுங்கன்னு சொன்னேன், இந்த மனுசன் உடவே இல்லை" என்றார்.

கை நடுங்குகிற நேரத்திலும் முதலில் 'வேண்டாமுங்க' என்று சொன்னால்தான் எங்கள் கோயமுத்தூர்க்காரர்களுக்கு மரியாதை! நல்லவேளை, அந்த மனுஷருக்குத் தமிழ் புரியவில்லை.

"நான் எங்கீங்க போனேன்? ரயிலுதான் போச்சு, நான் உள்ள இருந்தேன்" என்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

அரிசிம்பருப்பை எல்லோருமாகப் பகிர்ந்து சாப்பிட்டோம். மகளைப் போனில் கூப்பிட்டு, அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லச் சொன்னேன். பேசிவிட்டு மகள் சொன்னாள்: "அம்மா, அவங்க எறங்க வேண்டிய ஸ்டேஷன் அது இல்லையாம். இன்னும் ரொம்ப தூரம் போகணுமாம். பூவையும் ரயில்லயே உட்டுட்டாங்களாம். அதெல்லாம் ஒண்ணுமில்லைன்னு சிரிக்கிறாங்க."

போன மாதம் காந்திபுரம் பஸ்ஸில், வடக்கேயிருந்து மில் வேலைக்கு வந்த ஒரு பெண், காய்ச்சல்காரக் குழந்தையோடு ஆஸ்பத்திரி ஸ்டாப்பைத் தவறவிட்டுத் தவித்தாள். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை, முகம் புரிந்தது. அடுத்த ஸ்டாப்பில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் இறங்கினேன். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நிற்கும்போது, "இன்னுமா வரலை, எங்கே இருக்கே?" என்று வீட்டுக்காரர் போனில் கேட்டார். "வேற ஸ்டாப்புல எறங்கிட்டேனுங்க" என்றேன். புரிந்துகொண்டு, "செரி அம்மணி, பாத்து வா" என்றார். இன்று அவர் உயிரோடு இருந்து என்னைத் தேடுகிறார் என்றால், எங்கோ ஒரு ஊரில் முகம் தெரியாத ஒருத்தி தன்னுடையதல்லாத ஸ்டேஷனில் இறங்கினாள் என்பது அவருக்கும் தெரியும்.