கேதீஸ்வரி சொல்லாத சொல்

கேதீஸ்வரியை முதன்முதல் கண்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் கல்லூரியில் தேசிய சேவைப் பயிற்சிக்கு நான்தான் பொறுப்பு. பதினான்கு நாள் பொலன்னறுவைப் பக்கம் ஒரு முகாமில் தங்கி, முதலுதவி, படகு ஓட்டுவது, வெள்ளத்தில் ஆள் மீட்பது எல்லாம் பழக வேண்டும். போகாத பிள்ளைக்கு டிப்ளோமா கிடையாது. போவதற்குத் தாயோ தகப்பனோ கையெழுத்து வைக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க, 'என் பிள்ளை நுளம்புக்கடி தாங்காது', 'என் பிள்ளை கண்ட சோறும் தின்னாது' என்று தாய்மார் வந்து என் பொறுமையைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

எனக்கு இந்தப் பயிற்சியில் நம்பிக்கை உண்டு. போன மாரி வெள்ளத்தில் கல்லூரி வாசலில் ஒரு வயதாளி தண்ணீரில் விழுந்தார். மாடிப்படியில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் போனில் படம் பிடித்தார்கள். இறங்கி ஓடியவள் விதுர்ஷா ஒருத்திதான். அவளுக்கும் எப்படித் தூக்குவதென்று தெரியாது, அவரோடு சேர்ந்து தானும் விழுந்தாள். கடைசியில் இரண்டு பேரையும் ஓட்டோக்காரர் ஒருவர்தான் இழுத்தெடுத்தார்.

அந்த விதுர்ஷாவின் தாய்தான் கேதீஸ்வரி. ஊர் பனிச்சங்கேணி. வாழைச்சேனையில் ஒரு மீன்வாடியில் கருவாட்டுக்கு மீன் வெட்டுகிறார். புருசன் இறந்து ஆறு வருசம், இருப்பது ஒரே மகள். மகளோடு வந்து என் முன்னால் கதிரை நுனியில் உட்கார்ந்தார்.

"மிஸ், இவள் அந்த... அதுக்குக் கட்டாயம் போகணுமா?"

"எதுக்கு? பயிற்சிக்கா?" என்றேன். யாரோ அடித்ததுபோல் அவர் முகம் சுருங்கியது.

"அந்தச் சொல்ல அம்மா சொல்லமாட்டா மிஸ்," என்றாள் விதுர்ஷா. "நான் தையல் பயிற்சிக்குப் போனதையும் வகுப்பெண்டுதான் சொல்லுவா."

கேதீஸ்வரி பையிலிருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே மடிப்பில் கிழிந்த ஒரு பழைய கடிதத் துண்டு. "எங்கட வீட்டில ஏற்கனவே ஒராள் குடுத்தாச்சு மிஸ்," என்றார். "இன்னொராள் கேக்கமாட்டம் எண்டு எழுதித் தந்தவங்க."

விதுர்ஷாவுக்கு அவமானத்தில் தலை குனிந்துவிட்டது. நானும் இந்த மண்ணில் வளர்ந்தவள். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கம் சண்டைக்கு ஆள் கேட்டு வந்த காலத்தில் என்னை என் மாமி புளியந்தீவில் இரண்டு வருசம் வெளியே விடாமல் வைத்திருந்தார். அரசாங்கத்தின் படிவத்துக்கு இயக்கத்தின் துண்டைக் காட்டுகிற பிழையை வேறு எந்த ஊர்த் தாயும் விடமாட்டாள்.

"என்னக் கேட்டுத்தான் வந்தவங்க," என்றார் கேதீஸ்வரி. "தம்பி உதயரூபன் 'அக்காவ விடுங்க, நான் வாறன்' எண்டு எழும்பினான். பதினாறு வயசு. மூணு மாசம்தான், முடிஞ்சதும் வருவான் எண்டாங்க. அதுக்குப் போனவன் வரவே இல்ல."

"அக்கா, இது வேற," என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு என்பதை அவர் எதை வைத்து நம்புவார்?

அவர் கேட்டார்: "எண்ணித்தானே கூட்டிட்டுப் போவீங்க? எண்ணித்தானே கொண்டு வருவீங்க?"

"ஓம். நானும் கூடவே போறன். பின்னேரம் ஆறு மணிக்கு மகள் உங்களோட கதைப்பாள்."

"அம்மா," என்றாள் விதுர்ஷா, "அப்ப அவங்கதான் வந்து கேட்டாங்க. என்ன ஒருத்தரும் கேக்கல்ல, நான்தான் ஆசப்பட்டுக் கேக்கிறன். அண்டைக்கு அந்த ஐயாவத் தூக்கத் தெரியாமப் போச்சு. அதப் பழகணும்."

கேதீஸ்வரி கையெழுத்தை வைத்தார். துண்டைத் திரும்பப் பைக்குள் வைக்க மறக்கவில்லை.

ஐந்து நாள் ஆறு மணி தவறவில்லை. ஆறாம் நாள் மழையில் முகாமில் போன் வேலை செய்யவில்லை. அந்த மனுசி என்ன பாடு படுகிறாரோ என்று சோறு இறங்கவில்லை. மறுநாள் பத்து மணிக்கு முகாம் கேற்றடியில் நிற்கிறார். வாடிக்குப் போகப் புறப்பட்ட உடுப்போடு, அப்படியே பஸ் ஏறியிருக்கிறார். உள்ளே விட அனுமதி இல்லை. கம்பி வேலி வழியாகக் குளத்தைக் காட்டினேன். ரப்பர் படகில் மிதவை அங்கி போட்ட விதுர்ஷா, தண்ணீரில் கிடந்த இன்னொரு பிள்ளையை அக்குளில் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தாள். பிடி வழுக்கவில்லை.

"கூப்பிடவா அக்கா?"

"வேணாம் மிஸ். இரிக்காள்தானே." வேலியைப் பிடித்தபடி ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டுப் பஸ் எடுக்கப் போனார்.

பதினான்காம் நாள் பஸ் கல்லூரி முற்றத்தில் நின்றபோது மற்றத் தாய்மார் தங்கள் பிள்ளையைத் தேடி ஓடினார்கள். கேதீஸ்வரி கதவடியில் நின்று இறங்கிய ஒவ்வொரு பிள்ளையையும் எண்ணினார். விதுர்ஷா அவர் தோளைத் தொட்ட பிறகும் எண்ணுவதை விடவில்லை. "முப்பத்தெட்டு," என்று என்னைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினேன்.

அப்போது அவர் போன் அடித்தது. பக்கத்து வீட்டு அன்னப்பூரணி, அதே மீன்வாடியில் வேலை செய்பவர். வேலைக்கு வராமல் எங்கே போனாய் என்று கேட்டிருப்பார் போல.

"டவுன்ல நிக்கிறன் கா," என்றார் கேதீஸ்வரி. பிறகு மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "மகள் பயிற்சிக்குப் போனவள். வந்திட்டாள்."