மூவர் தலைமையை அளக்க வந்தவர்

எங்கள் வாராந்தரக் கூட்டத்தில், கதவோரத்து ஸ்டூலில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பேசுகிறவர்களை அவர் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தவர்களையே பார்த்தார்.

எழுபதுகளின் கடைசி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து கூலிவேலை பார்த்த குடும்பங்களின் பிள்ளைகளுக்காக, பெருமாள்மலைக்கு மேலே ஒரு காப்பகம் நடத்திவந்தோம். தலைமை மூவருக்கும் சமம். அலுவலகத்துக்கு நான், மருத்துவத்துக்கு நர்ஸ் அக்கா, காப்பகத்துக்கு அந்தக் குடும்பங்களிலிருந்தே வந்த தோட்டத்து அக்கா. ஒரு டைரக்டரை நியமிக்காவிட்டால் உதவியை நிறுத்திவிடுவோம் என்று நன்கொடை தந்தவர்கள் எழுதினார்கள். நாங்கள் மறுத்தோம். எங்களை மதிப்பிட்டு அறிக்கை தரத்தான் மெட்ராஸிலிருந்து அந்த அம்மாள் வந்திருந்தார்.

நான்கு நாள் தங்கினார். சமையல்காரம்மாவோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினார், ஆயாக்களோடு பிள்ளைகளைக் குளிப்பாட்டினார். எல்லாரிடமும் கேட்டது ஒன்றைத்தான்: “ஏதாவது தப்பா நடந்தா யார்கிட்ட சொல்வீங்க? சொன்னா என்ன ஆகும்?” கிளம்பும் நாளில் என்னைத் தனியே அழைத்தார்.

“பேப்பர்ல மூணு பேர் தலைமை. ஆனா யார் வாயைத் திறந்தாலும் முதல்ல உங்க முகத்தைத்தான் பாக்கறாங்க. காப்பகத்துப் பின்சுவர் வெடிச்சிருக்குன்னு மூணு தடவை சொல்லியிருக்காங்க. கூட்டக் குறிப்புல ஒரு வரிகூட இல்லையே?”

குறிப்பு எழுதுகிறவள் நான்தான். முதலில் கோபம்தான் வந்தது. ஓடி ஓடி உழைத்தவளுக்கு இதுதானா பரிசு என்று பொருமிக்கொண்டே காப்பகத்தின் பின்பக்கம் போனேன். வெடிப்புக்குள் என் விரல்கள் நுழைந்தன. அப்போதுதான் வெட்கம் வந்தது.

அந்த அம்மாள் நன்கொடைக்காரர்களிடம் பேசி எங்களுக்கு ஒரு வருஷ அவகாசம் வாங்கிக் கொடுத்தார். கூட்டத்தை நடத்துவதையும் குறிப்பு எழுதுவதையும் முறை வைத்துக்கொண்டோம். முதல் சில வாரங்கள் ஒருவரும் பேசவில்லை. அந்த மௌனத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது பெரும்பாடு. பிறகு ஒருநாள் தோட்டத்து அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, “சுவரைப் பூசினாப் போதாது. பின்னால இருக்கிற அந்த மேட்டை நம்பேலாது. மழை வலுத்தா புள்ளைங்கள பள்ளிக்கூட ஹாலுக்கு மாத்தணும்” என்றார். நர்ஸ் அக்கா அதை எழுதினார். ஆபத்தைப் பார்ப்பவரே முடிவெடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று மூவரும் கையெழுத்திட்டோம்.

ஐப்பசியில் காய்கறி வாங்க ஒட்டன்சத்திரம் போயிருந்தேன். மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. இரண்டு நாள் அடிவாரத்தில் தவித்துவிட்டு, மூன்றாம் நாள் பாதி வழி நடந்தே மேலேறினேன். காப்பகத்தின் பின்பாதி சேற்றுக்குள் கிடந்தது. அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். அங்கே நின்ற டீக்கடைக்காரர் பதறிப்போய், “அழாதீங்கம்மா! புள்ளைக எல்லாம் முந்தாநாள் வெள்ளனே ஹாலுக்குப் போயிருச்சுக. ஒரு கீறல் இல்ல” என்றார். ஓடினேன். ஹாலில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் அக்கா என்னிடம் ஒரு தட்டை நீட்டி, “வெரசா சாப்பிடுங்க, சோலி கெடக்கு” என்றார். வாழ்க்கையில் அதைவிடப் பெரிய வெற்றி எனக்கு வாய்த்ததில்லை.

டைரக்டர் தேவையில்லை என்று அறிக்கை போயிற்று, உதவி தொடர்ந்தது. நான் ஓய்வுபெற்று எத்தனையோ வருஷங்கள் ஆகின்றன. இன்றும் அங்கே பொறுப்பு மூவருக்குத்தான்.

அந்த அறிக்கையை எழுத அந்த அம்மாள் இரண்டாம் முறை வந்தபோது, “அன்னிக்குப் பிள்ளைங்களை மாத்தச் சொல்லி யார் உத்தரவு குடுத்தது?” என்று கேட்டார். இந்தமுறை யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தோட்டத்து அக்கா சிரித்தார்.

“உத்தரவா? நாங்க தோட்டத்துல கங்காணி அதட்டலுக்குக் கீழயே பொறந்து வளந்த ஆளுங்கம்மா. கங்காணி இல்லாமலே இங்க வேலை நடக்குதுன்னு எழுதிக்கங்க.”