சிங்களத்தில் மட்டும் கெட்டிக்காரி

“இவளா படிப்பிக்கப் போறாள்? நாலு பேருக்கு முன்னால வாய் திறக்கத் தெரியாது இவளுக்கு.”

சொன்னவர் என் அம்மா. கேட்டுக்கொண்டு நின்றவர் பக்கத்து வீட்டு அன்ரி. நான் கதவுக்கு உள்ளே, கையில் போனுடன். அன்று காலைதான் கொழும்பு வெள்ளவத்தையில் நான் உயர்தரம் படித்த டியூட்டரியை நடத்தும் சேர் அழைத்திருந்தார். சனிக்கிழமைகளில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவிகளுக்குக் கணிதம் படிப்பிக்க ஆள் வேண்டுமாம். “நீங்கள்தான் சரி எண்டு நினைக்கிறன். யோசிச்சு ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சொல்லுங்கோ” என்றார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போனதும் நான்தான். அப்பா சின்ன வயதிலேயே துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவர். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். இதை எழுதும்போது முதுகு தானாக நிமிர்கிறது. ஆனால் அந்தக் காலையில் நிமிரவில்லை. அம்மா சொன்னது சரியென்றே எனக்கும் பட்டது.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெற்றவர்கள் வாயால் பிள்ளையைப் புகழ்ந்தால் கண்ணூறு படும் என்பது அவருடைய அசைக்க முடியாத கொள்கை. பைபிளில் அப்படி இல்லை என்று ஃபாதர் பிரசங்கத்திலேயே சொல்லிப் பார்த்தார். “ஃபாதருக்குப் பிள்ளையா குட்டியா?” என்று கோயில் வாசலிலேயே அந்தப் பிரசங்கத்தை முடித்துவைத்தார் அம்மா. ஆகவே நத்தார்ப் பண்டிகைக்குப் புதுச் சட்டை போட்டால் நான் “கொக்கு மாதிரி” இருந்தேன். சாதாரண தரத்தில் ஒன்பது பாடத்துக்கும் ஏ எடுத்தபோது, கேட்டவர்களுக்கெல்லாம் “ஏதோ தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணியிருக்கிறாள்” என்றார். சொந்தக்காரர்கள் நல்ல மனிதர்கள். சொன்னதை அப்படியே நம்பினார்கள். ஒரு சித்தி இரக்கப்பட்டு, வெள்ளவத்தைக் காலி வீதியில் ஒரு சாரிக் கடையில் எனக்கு வேலையே பார்த்துவிட்டார்.

ஒன்பது ஏ கையில் இருந்தும் அந்தப் பொய்யை நான் நம்பினேன், சித்தி நம்பினார், தெருவே நம்பியது. நம்பாத ஒரே ஆள் அம்மாதான். ஆனால் அது எனக்கு எப்படித் தெரியும்?

டியூட்டரியில் எனக்கு முன்வரிசையில் இருந்த பிள்ளைகளின் அம்மாமார் வேறு விதம். “என்ர மகள் டொக்டராத்தான் வருவா” என்று கேற்றடியிலேயே அறிவிப்பார்கள். அந்த மகள்மார் பிழையான விடையைக்கூட அவ்வளவு அழகாக, கையை உயர்த்தி, எழும்பி நின்று சொல்வார்கள். நான் சரியான விடையைக் கடைசி வாங்கில் இருந்து மேசையில் விரலால் எழுதி, யாரும் பார்க்க முன்னர் உள்ளங்கையால் அழித்துவிடுவேன். விரலால் எழுதினால் அழிக்கத் தேவையில்லைதான். நான் அவ்வளவு கவனமான பிள்ளை.

சேருக்கு அனுப்ப ஒரு மெசேஜ் எழுதினேன். ‘மன்னிக்கவும் சேர், எனக்கு இது சரிவராது.’ அனுப்பப் போகும்போது பார்த்தால், அம்மா சந்தைக்குப் போகும் பையைக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். சந்தைக்கு அம்மா எப்போதும் தனியாகத்தான் போவார். நான் வந்தால் விலை பேசத் தெரியாமல் மானத்தை வாங்குவேனாம். பையை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அவர் வழக்கமாக வாங்கும் மரக்கறிக் கடையில், முதுகு காட்டி நின்று கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். கடைக்காரப் பெண் சிங்களவர், அம்மாவுக்கு நங்கி, அதாவது தங்கச்சி. அம்மாவின் சிங்களம் சந்தையில் படித்த சிங்களம், இலக்கணம் இல்லாவிட்டாலும் வேகம் உண்டு.

“மகே துவ ஹரி தக்ஷய், நங்கி.”

என் மகள் சரியான கெட்டிக்காரி என்கிறார். யாரைச் சொல்கிறார் என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. வீட்டில் வேறு மகள் இல்லை.

அதோடு நிற்கவில்லை. கொழும்பிலேயே இவளைப் போலக் கணக்குப் போட ஆள் கிடையாதாம். வெள்ளவத்தையில் பெரிய பள்ளிக்கூடமே இவளைத்தான் கேட்கிறதாம். சேர் போனில் கெஞ்சினாராம். ஒன்பது ஏயும் வந்தது, வீட்டில் அம்மா மாட்டவே விடாத பல்கலைக்கழகப் பட்டமளிப்புப் படமும் வந்தது; அதைப் போனில் எடுத்து நீட்டினார். நங்கிக்கு அந்தப் படம் புதிதில்லை போலும், வெங்காயத்தை நிறுத்துக்கொண்டே தலையாட்டினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“மே துவத, அக்கே?” இந்த மகளா, அக்கா?

அம்மா திரும்பினார். கையில் கத்தரிக்காய். முகம் ஒரு கணம் சிங்களத்திலேயே நின்றது. அடுத்த கணம் தமிழுக்கு வந்தது.

“ஏனடி இந்த வெயிலுக்குள்ள வந்தனீ? ஏற்கெனவே காகம் மாதிரி இருக்கிறாய்.”

திரும்பி வரும் வழியில் நான்தான் முதலில் கதைத்தேன்.

“அம்மா, சிங்களத்தில சொன்னாக் கண்ணூறு படாதோ?”

“அவங்கட கண் வேற.”

“அந்த அக்கா கடை வாசல்ல எலுமிச்சங்காயும் மிளகாயும் கட்டித் தூக்கியிருக்கிறா. அது என்னத்துக்காம்?”

அம்மா கொஞ்சத் தூரம் யோசித்துக்கொண்டு நடந்தார். “அது கடைக்கு. பிள்ளையளுக்கு இல்லை.”

“சரி. இப்ப அங்க சொன்னதை ஒருக்காத் தமிழில சொல்லுங்கோ பாப்பம்.”

“என்னத்தை?”

“ஹரி தக்ஷய்.”

அம்மா நின்றார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். வாய் திறந்தது. நான் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். பரீட்சை முடிவுக்குக்கூட அப்படிக் காத்து நின்றதில்லை.

“பையை நேராப் பிடி,” என்றார். “கத்தரிக்காய் நசியுது.”

எனக்கு அது போதவில்லை. போதும் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் போதவில்லை. இருபத்து மூன்று வருடமாக ஒரு மொழியில் எனக்குத் தராததை இன்னொரு மொழியில் கத்தரிக்காய்க்காரிக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறார் என்று கோபமும் வந்தது. கோபத்தோடு சிரிப்பும் வந்தது. வீட்டுக்குப் போய் அந்த மெசேஜை அழித்துவிட்டுச் சேருக்கு அழைத்தேன். வருகிறேன் என்றேன். அம்மா குசினியில் கத்தரிக்காய் அரிவதை நிறுத்திவிட்டுக் கேட்டது எனக்குத் தெரியும்.

முதல் சனிக்கிழமை கோயிலில் ஆசீர்வதித்த எண்ணெயை என் நெற்றியில் ஒரு போத்தல் அளவுக்குத் தடவி அனுப்பினார். எங்கே போகிறாள் என்று கேட்ட அன்ரிக்கு, “எங்கயோ ஊர் சுத்தப் போறாள்” என்றார்.

வகுப்பில் கடைசி வாங்கில் ஒரு பிள்ளை. நான் கேள்வி கேட்டதும் அவளுடைய விரல் மேசையில் ஓடியது, பிறகு உள்ளங்கை அழித்தது. என்ன எழுதினாள் என்று எனக்குப் பார்க்கவே தேவையில்லை. அவளைப் பலகைக்குக் கூப்பிட்டேன். விடை சரி. வகுப்பு முடிய, கேற்றடியில் அவளுடைய அம்மா தானாகவே தொடங்கினார்: “இவளுக்கு மண்டையில ஒண்டும் ஏறாது, டீச்சர்.”

“உங்கட மகள் நல்ல கெட்டிக்காரி, அன்ரி,” என்றேன். தமிழில், சத்தமாக. அந்த அம்மா பதறிப்போய் அக்கம்பக்கம் பார்த்தார். மகள் தரையைப் பார்த்துச் சிரித்தாள்.

போன வாரம் சேர் ஆசிரியர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, உயர்தர வகுப்பை யார் எடுப்பது என்று கேட்டார். நான் கையை உயர்த்தினேன். அடுத்த மாதம் தொடங்குகிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வரும் வழியில் மரக்கறிக் கடை அக்காவிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டேன்.