காதுக்குக் கீழே ஒரு வீக்கம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தைக்கும் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். போன வருஷம் என் இடது காதுக்குக் கீழே வீக்கம் வந்தபோது, அது என்னவென்று தெரியாத ஒரே ஆள் நான்தான்.

"பொன்னுக்கு வீங்கிதான்" என்று மாமியார் தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். அதுவரை அதைத் தொடக்கூட விட்டதில்லை. பல் டாக்டர் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார். மருந்துக்கடைக்காரர் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தார். வீக்கம் யாரையும் மதிக்கவில்லை. வலிக்கவும் இல்லை என்பதால் நாங்களும் அதை மதிக்கவில்லை.

ஒரு காலை முகம் கழுவும்போது இடது கண் மூடவில்லை. சோப்பு எரிந்தது. கம்பெனியில் மேனேஜரிடம் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். வலது கண் மட்டும் இமைத்தது. அவர் நெளிந்தார்.

"இன்னா மேடம், கண்ணடிக்கிறீங்க?"

அன்றே லீவு கிடைத்தது.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். எச்சில் சுரப்பியில் புற்றுநோய். உடம்பு முழுக்க ஸ்கேன் செய்ததில் நுரையீரலிலும் புள்ளிகள். அங்கிருந்தும் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் புற்றுநோய்.

வீட்டில் கணவரின் அண்ணன் உடனே தீர்ப்புச் சொன்னார். "அப்போ இது நுரையீரல் கேன்சர். எல்லாம் அந்தக் கம்பெனித் தோல் தூசிதான்." சொல்லிவிட்டு பீடி பிடிக்க வாசலுக்குப் போனார். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு எங்களோடு அவரும் வந்தார்.

"ரெண்டு கேன்சரா டாக்டர்?"

"ஒண்ணுதான் சார். ஆம்பூர்க்காரர் பெங்களூர்ல வீடு எடுத்தா வேற ஆளா ஆயிடுவாரா? நுரையீரல்ல இருக்கறதும் எச்சில் சுரப்பி கேன்சர்தான்."

அண்ணனுக்கு ஏமாற்றம்.

"முழுசா கொணமாயிடுமா?" என்று நான் கேட்டேன். டாக்டரம்மா பார்வையைத் திருப்பவில்லை.

"ஆகாதும்மா. ஆனா உங்களுக்கு வந்திருக்கிற வகை மெதுவா வளரும். காதுகிட்ட இருக்கறத எடுத்துடலாம். நுரையீரல அப்பப்போ ஸ்கேன் பண்ணிப் பாப்போம். இதோட பல வருஷம் இருக்கறவங்க இருக்காங்க."

திரும்பும்போது பஸ்ஸில் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊர் பார்க்க அவர் அப்படிச் செய்ததே இல்லை. கண்டக்டர் வந்து நின்றும் விடவில்லை. நான்தான் இன்னொரு கையால் பர்ஸைத் துழாவினேன். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. ஒரு கண்தான் மூடியது. இரண்டிலும் தண்ணீர்.

ஆபரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டேன். போன ஸ்கேனில் புள்ளிகள் வளரவில்லை. வெளியே வந்து பிரியாணி சாப்பிட்டோம். வலது பக்கமாக மென்று, நிதானமாக, ஒரு முழுத் தட்டு.